நேரம் மாறிய பத்தியம்

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி அறிக்கை வந்த வாரமே வீட்டுச் சமையல் மாறிவிடுகிறது. ஊசி போட்டு வளர்த்தது என்று கோழிக்கறி நிற்கிறது. முட்டையும் பாலும் நிற்கின்றன. கட்டிக்குத் தீனி என்று சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்குப் போகிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் கத்தரிக்காய், கருவாடு, பூசணி எல்லாம் கரப்பான் பண்டம், புண் ஆறாது என்று விலக்கப்படுகின்றன. காலியான இடத்துக்குக் கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, மஞ்சளில் எடுத்த மாத்திரை என்று வரிசையாக வந்து சேர்கின்றன. வீட்டுக்கு வீடு பட்டியல் வேறுபடும். பட்டியலே இல்லாத வீடு குறைவு. இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்த் தரவுத்தளமான குளோபோகான் மதிப்பிடுகிறது. எத்தனை அடுப்படிகள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது நியாயமல்ல. உணவுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. எந்த உணவு, யாருக்கு, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் பார்த்தால்தான் வீட்டுப் பத்தியத்தின் நல்லதும் கெட்டதும் தெரியும். அப்படிப் பார்க்கும்போது எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதன் காலம். கீமோ நடக்கும் மாதங்களில், உடலுக்குச் சாப்பாடு அதிகம் தேவைப்படும் நேரத்தில், பத்தியம் இறுக்கமாக இருக்கிறது. சிகிச்சை முடிந்து, உணவுமுறையால் ஏதாவது நன்மை விளையக்கூடிய ஆண்டுகள் வரும்போது அது தளர்ந்து, மறக்கப்பட்டு, காணாமல் போகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தும் உணவும் ஒன்றோடொன்று மோதும் என்பது பத்தியத்தின் அடிப்படை அறிவு. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதன் உள்ளே இருப்பது இந்தக் கவனம்தான். இன்றைய புற்றுநோய் மருந்துகளுக்கும் அந்தக் கவனம் தேவைப்படுகிறது. கேபசிடபின் மாத்திரையை, உணவு உண்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். லபாட்டினிப் மாத்திரைக்கு நேர்மாறு: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ ஒரு மணி நேரம் பின்னாலோதான் போட வேண்டும், உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பால்போசிக்ளிப் சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தொடக் கூடாது. கேபசிடபினோடு ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகலாம். இவற்றில் ஒன்றுகூட எந்த வீட்டுப் பட்டியலிலும் இருப்பதில்லை. அந்தப் பட்டியல் வேறு காலத்து மருந்துகளுக்காக எழுதப்பட்டது. புது மருந்து வந்த பிறகும் யாரும் அதைத் திருத்தவில்லை.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மஞ்சள் தூளில் கர்க்யூமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் கர்க்யூமின் மாத்திரை வேறு விஷயம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்டுவந்த 16 பெண்களுக்கு 1200 மில்லிகிராம் கர்க்யூமின் தினம் 3 வேளை கொடுத்துப் பார்த்தார்கள். டமாக்ஸிஃபென் உடலுக்குள் எண்டாக்ஸிஃபென்னாக மாறித்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தது. மிளகில் இருக்கும் பிப்பெரினையும் சேர்த்துக் கொடுத்தபோது குறைவு 12 சதவிகிதத்தைத் தாண்டியது. மஞ்சளோடு மிளகு சேர்ந்தால் சத்து உடலில் நன்றாக ஏறும் என்பது உண்மைதான். அதே மிளகுதான் இங்கே சிகிச்சை மாத்திரையின் அளவை மேலும் இறக்கியது. புற்றுநோயைத் தடுக்க என்று வாங்கிக் கொடுக்கும் மாத்திரை, மீண்டும் வராமல் காக்கும் மாத்திரையின் பலத்தைக் குறைக்கிறது. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் கொடுக்க மாட்டார்கள்.

பத்தியத்துக்கு இன்னொரு நல்ல முகமும் உண்டு. வாய்ப்புண்ணோடு, குமட்டலோடு, நாக்கில் உலோகச் சுவையோடு இருப்பவளுக்குக் குழைந்த ரசம் சாதத்தையும் இளஞ்சூட்டுக் கஞ்சியையும் இட்லியையும் வேளை தவறாமல் யாரோ ஒருவர் செய்து கொடுக்கிறார். பல வீடுகளில் அதுவரை அடுப்படி பக்கமே வராத கணவர் அரிசி களைகிறார். இது சின்ன விஷயமல்ல. தன் நோய்க்காக வீடே ஏதோ செய்கிறது என்ற தெம்பை எந்த மருந்துச் சீட்டும் தராது.

சரி, உணவுமுறையை மாற்றினால் நோய் திரும்பி வருவது குறையுமா? இதற்கு நேரடியாகப் பதில் தேடிய இரண்டு பெரிய ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன. இரண்டும் வெவ்வேறு பதிலைச் சொல்லின.

முதலாவது வின்ஸ் ஆய்வு. ரோவன் க்ளெபோவ்ஸ்கி தலைமையில் நடந்து 2006இல் முடிவு வெளியானது. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 2,437 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு, கொழுப்பிலிருந்து வரும் கலோரியை மொத்தத்தில் 15 சதவிகிதமாகக் குறைக்கும்படி உணவியலாளர்கள் நேரில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்கள் நாளுக்குச் சராசரியாக 33 கிராம் கொழுப்பு சாப்பிட்டார்கள். மற்றப் பிரிவு 51 கிராம். சுமார் 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோது கொழுப்பைக் குறைத்த பிரிவில் 9.8 சதவிகிதத்தினருக்கும் மற்றப் பிரிவில் 12.4 சதவிகிதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது.

இரண்டாவது வெல் ஆய்வு, 2007. இதில் 3,088 பெண்கள். தினம் 5 பங்கு காய்கறி, 16 அவுன்ஸ் காய்கறிச் சாறு, 3 பங்கு பழம், 30 கிராம் நார்ச்சத்து, கொழுப்பு 15 முதல் 20 சதவிகிதம் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கைப் பெருமளவு எட்டவும் செய்தார்கள். ரத்தத்தில் கரோட்டினாய்டு அளவு கூடியதே அதற்குச் சாட்சி. 7.3 ஆண்டு கழித்து வந்த கணக்கு: இந்த உணவைச் சாப்பிட்டவர்களில் 16.7 சதவிகிதத்தினருக்கு நோய் திரும்பியது அல்லது புதிதாக வந்தது. சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 16.9 சதவிகிதம். இறப்பு 10.1, 10.3. வித்தியாசமே இல்லை.

ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். ஏன் இப்படி? வின்ஸ் பெண்களுக்குக் கொழுப்போடு எடையும் குறைந்தது, மற்றப் பிரிவைவிடச் சராசரி 2.7 கிலோ. வெல் பெண்களின் எடை மாறவில்லை. ஆகவே வேலை செய்தது கொழுப்புக் குறைப்பா எடைக் குறைப்பா என்று வின்ஸ் ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. வெல் ஆய்வு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: எடை மாறாமல், காய்கறியையும் சாற்றையும் மட்டும் மலைபோல் கூட்டுவதால் நோய் திரும்புவது குறையவில்லை. தினமும் காலையில் மிக்ஸியில் கேரட், பீட்ரூட், கோதுமைப்புல் என்று அரைத்துக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பவர்கள் இந்த முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தியத்தைக் கைவிடாதவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததே என்று கேட்பார்கள். இத்தாலியில் ஃபிராங்கோ பெர்ரினோ குழு நடத்திய டயானா-5 ஆய்வில் 1,542 பெண்களை 5 ஆண்டு தொடர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு மத்திய தரைக்கடல் பாணி உணவு, முழுத் தானியம், பருப்பு. இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு வரவில்லை. ஆனால் பரிந்துரையை நன்றாகக் கடைப்பிடித்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நோய் திரும்புவது அவர்களிடம் மிகக் குறைவு. இதைக் காட்டி உணவு வென்றது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. தெம்பாக இருப்பவள், பணவசதி உள்ளவள், வீட்டில் உதவி கிடைப்பவள்தான் கடுமையான உணவுமுறையை 5 ஆண்டு தாக்குப்பிடிக்கிறாள். அவள் நன்றாக இருப்பதற்கு அந்த வசதிகளும் காரணமாகலாம். நம் ஊரில் பத்தியத்தால் பிழைத்தேன் என்று சொல்பவர்களின் கதையிலும் இதே சிக்கல்தான். பத்தியம் இருந்தும் இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

வின்ஸ், வெல் இரண்டிலும் நான் மேலே சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. இரண்டுமே அறுவை சிகிச்சை முதலான பெரிய கட்டங்கள் கடந்தபின் வரும் ஆண்டுகளைப் பற்றியவை. வெல் ஆய்வில் கீமோ நடந்துகொண்டிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. கீமோவின் நடுவில் ஒரு பெண்ணின் சாப்பாட்டைக் குறைக்கலாம் என்று இவற்றிலிருந்து யாரும் முடிவெடுக்க முடியாது.

கீமோ நடுவே என்ன ஆகிறது? இங்கே நான் முக்கியமாகக் கருதுவது மருந்து முழு அளவில், குறித்த தேதியில் ஏறுகிறதா என்பதுதான். மிலான் நகரில் ஜியானி பொனடோனா நடத்திய கீமோ ஆய்வின் 20 ஆண்டுக் கணக்கு 1995இல் வந்தது. திட்டமிட்ட மருந்தில் 85 சதவிகிதத்துக்குக் குறையாமல் பெற்றவர்களுக்கே பெரிய பலன். 65 சதவிகிதத்துக்கும் கீழே போனவர்களுக்குக் கிட்டத்தட்ட மருந்தே வாங்காதவர்களின் நிலை. ரத்த அணு குறைந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கில்தான் கை வைக்கிறோம். அந்த மருந்தைத் தாங்க உடலுக்குப் புரதம் வேண்டும். ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் சொல்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு 55 முதல் 82 கிராம் வரை. ஒரு முட்டையில் 6 கிராம். முட்டை, கோழி, பால் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, கஞ்சியையும் ரசத்தையும் பழச்சாற்றையும் மட்டும் கொடுத்தால் இந்த அளவில் பாதியைக்கூட எட்ட முடியாது. நிறுத்தியவர்கள் அந்த இடத்தில் பருப்பையோ சுண்டலையோ சோயாவையோ கூட்டுவதும் இல்லை. வாயு என்று அவையும் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தமில்லாத உடலில்தான் இந்தக் கழித்தல் நடக்கிறது.

சாப்பாட்டைக் குறைத்தால் கீமோ நன்றாக வேலை செய்யும் என்ற எண்ணத்துக்கும் ஒரு அறிவியல் முகம் உண்டு. அதையும் பார்த்துவிடுவது முறை. நெதர்லாந்தில் 131 பெண்களை வைத்து நடந்த டைரக்ட் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கீமோவுக்கு 3 நாள் முன்பிருந்து கீமோ அன்று வரை மிகக் குறைந்த கலோரி, குறைந்த புரதம். பக்கவிளைவுகள் குறையவில்லை. கட்டி முழுவதும் மறைந்தவர்களின் விகிதமும் கூடவில்லை. ஸ்கேனில் கட்டி சுருங்கியது மட்டும் அதிகம் பேரிடம் தெரிந்தது. வெள்ளணுக்களின் மரபணுச் சேதமும் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் குறிப்புகள்தான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவக் கண்காணிப்போடு, தயாரித்த உணவுப் பொட்டலத்தோடு நடந்த அந்த ஆய்விலேயே மூன்றில் ஒரு பங்குப் பெண்கள்தான் பாதிச் சுற்றுகளையாவது தாண்டினார்கள். எல்லாச் சுற்றையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒருவர். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த டச்சுப் பெண்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய லீனர் ஆய்வில் 173 பெண்களுக்குக் கீமோ நடக்கும்போதே உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி மருந்து அளவு எட்டியதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே கீமோ பெற்றவர்களை மட்டும் பார்த்தால், கட்டி முழுவதும் மறைந்தவர்கள் ஆலோசனை பெற்ற பிரிவில் 53 சதவிகிதம், மற்றதில் 28. சிறு எண்ணிக்கை, இன்னொரு முறை நிரூபிக்கப்பட வேண்டியது. உணவா நடைப்பயிற்சியா எது உதவியது என்றும் தெரியாது. ஆனாலும் அங்கே கொடுத்தது பட்டினியும் அல்ல, விலக்கும் அல்ல: காய்கறி, முழுத் தானியம், போதுமான புரதம், வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் கேட்க ஒரு உணவியலாளர். நம் வீட்டுப் பத்தியம் போகாத வழி அது.

உணவைவிட நான் அதிகம் பயப்படுவது டப்பாவில் வருபவற்றைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளின் கீமோ காலப் பழக்கத்தைக் கிறிஸ்டின் ஆம்புரோசோன் குழு ஆராய்ந்து 2020இல் எழுதியது. வைட்டமின் ஏ, சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைக் கீமோவுக்கு முன்னும் நடுவிலும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 41 சதவிகிதம் கூடுதலாகத் தெரிந்தது. தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் இடம்விட்ட எண் அது. பி12 மாத்திரைக்கு அந்த இடமும் இல்லை. நோய் திரும்புவதும் இறப்பும் தெளிவாகக் கூடியிருந்தன. சாதாரண மல்டிவைட்டமினில் பாதிப்பு தெரியவில்லை. கவனிப்பு ஆய்வு மட்டுமே என்பதால் இது முடிந்த முடிவல்ல. ஆனால் பி12 குறைபாடு ரத்தப் பரிசோதனையில் தெரியாமலே, பலம் வரட்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை நிறுத்த இவ்வளவு போதும்.

முள்சீத்தாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. சோதனைக்கூடத் தட்டில் அதன் சாறு புற்றுச் செல்களைக் கொல்கிறது என்பது சரி. மனிதரிடம் மார்பகப் புற்றைக் குணப்படுத்தியதாக ஒரு நல்ல ஆய்வும் இல்லை. கரீபியத் தீவான குவாடலூப்பில், வழக்கமான மருந்துக்கு மசியாத பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் ஏன் இத்தனை பேருக்கு என்று தேடிய மருத்துவர்கள், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொண்டதோடு அதற்குத் தொடர்பிருப்பதாக 1999இல் எழுதினார்கள். நம்மூர் நித்தியகல்யாணியின் கதை இன்னும் பொருத்தம். அந்தச் செடியிலிருந்து 1950களின் இறுதியில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே குடும்பத்து வினோரெல்பின் இன்று மார்பகப் புற்றுக்கே தரப்படுகிறது. செடியில் மருந்து இருக்கிறது என்று நம்பியவர்கள் தோற்கவில்லை. ஆனால் அது மில்லிகிராமில் அளந்து, வெள்ளணுவை எண்ணி, ரத்தநாளத்தில் ஏற்றப்படும் மருந்து. கீமோ ஓடும்போது அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது எலும்பு மஜ்ஜையை அழுத்தும் இன்னொரு மருந்தை அளவே தெரியாமல் ஏற்றுவதாகும்.

பத்தியம் சிகிச்சைக்குத் துணையாக இருக்கும்வரை பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு. சிகிச்சைக்கு மாற்றாகும்போது இல்லை. யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று முறையை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளின் இறப்பு ஆபத்து, அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களின் ஆபத்தைப்போல் 5.68 மடங்காக இருந்தது. இத்தனைக்கும் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள்.

சர்க்கரையையும் சோயாவையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புற்றுச் செல் குளுக்கோஸை அதிகம் தின்னும் என்று ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது உண்மை. ஆனால் நாம் இனிப்பை நிறுத்தினாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைக் குறையவிடாது. கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதாலும் எடைக்காகவும் இனிப்பைக் குறைப்பது நல்லது. கட்டியைப் பட்டினி போட முடியும் என்பதற்காக அல்ல. சோயாவில் ஈஸ்ட்ரோஜென் போன்ற பொருள் இருப்பதால் பயந்தார்கள். ஷாங்காயில் 5,042 பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், உணவாகச் சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாக இருந்ததாக 2009இல் தெரிந்தது. சோயா உருண்டைக் குழம்பைத் தயங்காமல் வைக்கலாம்.

மருத்துவமனைகளின் பங்கையும் சொல்லாவிட்டால் குடும்பங்களுக்கு அநியாயம். என்ன சாப்பிடலாம் டாக்டர் என்ற கேள்விக்கு, எல்லாம் சாப்பிடலாம் என்பதே பல இடங்களில் முழு பதில். நாள் முழுக்க நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது கடினம்தான். ஆனால் பயந்து வந்தவருக்கு அந்த இரண்டு சொல் போதாது. அந்த வெற்றிடத்தில்தான் உறவினரும் யூடியூபும் நுழைகிறார்கள். வேறு சில இடங்களில் மருத்துவமனையே தேவையில்லாத பத்தியம் போடுகிறது. வெள்ளணு குறைந்தால் பழமும் பச்சைக் காய்கறியும் கூடவே கூடாது என்ற விதி தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2022 வழிகாட்டுதலில் அந்த விதியைப் பரிந்துரைக்க முடியாது என்றே எழுதிவிட்டது. நன்றாகக் கழுவுவது, புதிதாகச் சமைப்பது, தெருவோர வெட்டுப் பழத்தைத் தவிர்ப்பது போதும்.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது பழி. நோய் திரும்பினால், அன்றைக்குக் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டாயே என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் அவளே சொல்லிக்கொள்கிறாள். தட்டில் விழுந்த ஒரு கவளம் செய்யும் வேலையல்ல அது. கட்டியின் தன்மை, பரவிய அளவு, மருந்துக்கு அது காட்டும் எதிர்ப்பு செய்யும் வேலை. 16.7, 16.9 என்ற வெல் ஆய்வின் இரண்டு எண்களையும் இந்தப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடான உணவைக் கடைப்பிடித்தவர்களுக்கும் கடைப்பிடிக்காதவர்களுக்கும் நோய் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் திரும்பியது.

கீமோ முடிகிறது, முடி முளைக்கிறது, பத்தியம் விலகுகிறது. உடம்பு தேறட்டும் என்று நெய்யும் பலகாரமும் தட்டுக்கு வருகின்றன. ஆனால் மார்பகப் புற்றுநோயில் பலருக்குச் சிகிச்சையின்போது எடை கூடுகிறது, குறைவதில்லை. ஸ்டீராய்டு, அசைவில்லாத மாதங்கள், முன்கூட்டியே வந்த மாதவிடாய் நிறுத்தம் எல்லாம் சேர்ந்த விளைவு. தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவிகிதத்தினர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள் என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 82 ஆய்வுகளை, 2,13,000 பெண்களைத் திரட்டிய 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில், பருமனானவர்களின் மொத்த இறப்பு ஆபத்து இயல்பான எடை கொண்டவர்களைவிட 41 சதவிகிதம் கூடுதல். பிறகு எடையைக் குறைத்தால் அந்த ஆபத்து அதே அளவுக்கு இறங்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் மூட்டுக்கும் நன்மை என்பது உறுதி, அதற்காகவே செய்யலாம். லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையை 5 ஆண்டு சாப்பிடும்போது எலும்பு தேய்கிறது. கொழுப்பு நீக்கிய பாலும் கேழ்வரகும் வைட்டமின் டி-யும் அப்போது வேண்டும். நிறுத்தச் சொன்ன பாலைத் திரும்பக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

எனவே நான் கேட்பது இவை. கீமோ நாட்களில் முட்டையையோ மீனையோ பருப்பையோ தட்டிலிருந்து எடுப்பதற்கு முன், கீமோ அறைச் செவிலியரிடமோ உணவியலாளரிடமோ அந்த உணவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிவந்த மாத்திரை டப்பாவையும் கஷாயப் பொடியையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். கீமோ முடிந்து ஹார்மோன் மாத்திரை தொடங்கும் தேதியில், எண்ணெய் அளவு, இனிப்பு, நடை, எடை என்று புதுப் பட்டியலை ஆரம்பியுங்கள், வீட்டில் எல்லாருக்குமாக. மருத்துவமனைகள் ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் எடையையும் எழுதி, போன முறையைவிட 3 கிலோ கூடியிருந்தால் உணவியலாளரிடம் அனுப்பட்டும். அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் அதற்கென்று ஒரு உணவியலாளர் பணியிடத்தை நிரப்புவது, ஒரு சுற்று விலையுயர்ந்த மருந்தின் செலவோடு ஒப்பிட்டால் அரசுக்குப் பெரிய சுமையாக இருக்காது.